அரைத்தூக்கத்தில் கேட்ட இயற்பியல்

போன வருடம் என் மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். நான் வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். நைட் டூட்டி முடிந்து காலையில் பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்து சேரும்போது கால் இரண்டும் என்னுடையவைதானா என்றிருக்கும். குளித்துவிட்டு உட்கார்ந்தால் போதும், இயற்பியல் புத்தகத்தை என் கையில் திணித்துவிடுவாள். அவள் சூத்திரங்களை ஒப்பிப்பாள், நான் எழுத்துக்கு எழுத்து சரிபார்ப்பேன். எனக்கு இயற்பியல் சுத்தமாகத் தெரியாது. ஒன்றுகூடத் தப்பாமல் சொல்கிறாளே என்று நிம்மதியாக இருந்தேன்.

அரையாண்டுத் தேர்வில் இயற்பியலில் ஃபெயில். இன்ஜினீயரிங் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பொதுத்தேர்விலும் இப்படிக் கோட்டை விட்டால் அதெல்லாம் கனவோடு சரி. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஏட்டி, எங்கிட்ட எல்லாத்தையும் கடகடன்னு சொன்னியே?"

"சொல்லத் தெரியும்மா. கணக்கப் பாத்தா எதுக்கு எதப் போடணும்னுதான் தெரிய மாட்டேங்கு" என்று அழுதாள்.

மறுநாள் நான் புத்தகத்தைக் கையில் வாங்கவில்லை.

"ஒப்பிக்க வேண்டாம். ஒரு கணக்க எடு. எந்தச் சூத்திரம், ஏன் அதுன்னு எனக்கு விளங்குத மாதிரி சொல்லு" என்றேன்.

அதன்பிறகு தினமும் இதே கூத்துதான். கேட்கிற ஆள் ஒன்றும் தெரியாதவள் அல்லவா, "கரண்டு ஏன் இங்கன ரெண்டாப் பிரியுது?" என்று அவள் உயிரை வாங்குவேன். தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் படம் போடுவாள். பாதி விளங்கும், பாதி கொட்டாவியோடு போய்விடும்.

பொதுத்தேர்வு நெருங்கிய ஒரு நாள், வார்டில் துணைக்கு வேறு நர்ஸ் இல்லாமல் தனியாக அலைந்த அலுப்பில், உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். லேசாக விழிப்புத் தட்டியபோது அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

"இந்த ரெண்டு மின்தடையும் தொடரிணைப்பு, அதனால கூட்டணும்..." பென்சிலால் கோடு இழுக்கிற சத்தம் கேட்டது. "இல்லம்மா, தப்பாச் சொல்லிட்டேன். இங்கன கரண்டு பிரிஞ்சு போவுது பாரு. இது பக்க இணைப்பு, அப்படியே கூட்டக் கூடாது."

நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

இப்போது அவள் இன்ஜினீயரிங் முதல் வருடம், விடுதியில் இருக்கிறாள். டூட்டி முடிந்து வந்தால் தொந்தரவு செய்ய ஆளில்லை, நன்றாகத் தூங்கலாம். ஆனாலும், தூங்குகிறவள்தானே என்று விட்டுவிடாமல் என்னிடம் தன் தப்பைத் திருத்திச் சொன்ன அந்தக் குரலை நினைத்துக்கொண்டுதான் இன்றும் கண்ணை மூடுகிறேன்.