சிவப்பு போன மத்தியானம்

சாமைப் பையில் யார் படம் போடுவது என்ற பேச்சு வந்தபோது நான் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் மலைப் பெண்கள் சேர்ந்து நடத்தும் குழுவின் கூடம் அது. சாமையும் தினையும் புடைத்துப் பையில் போட்டுக் கீழே அனுப்புவோம். இதுவரை வெறும் பைதான். இனிமேல் படம் போட்ட பை என்று முடிவாகி, கண்ணமங்கலத்து அச்சுக்காரர் ஜீப்பில் வந்து எல்லாரையும் படம் பிடித்துப் போனார். இரண்டுதான் தேறியது என்று எங்கள் கம்ப்யூட்டருக்கு அனுப்பியிருந்தார். ஒன்று என்னுடையது. இன்னொன்று என் ஓரகத்தியுடையது.

அவள் என் கொழுந்தன் பெண்டாட்டி. எனக்குப் பின்னால் அந்த வீட்டுக்கு வாழ வந்தவள். வந்த நாள் முதல் எல்லாம் அவளுக்குத்தான். மாமியார் அவள் கையால்தான் சோறு கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவள் பதில் சொல்லி முடித்திருப்பாள். மாடுகூட அவள் குரலுக்குத்தான் திரும்பும். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவள் வீட்டுக்காரர் இருக்கிறார். முகத்தில் மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து அவள் வாசலில் நின்றால் நான் உள்ளே போய்விடுவேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. பேச வராது, எழுதினால் வருகிறது.

குழுவில் கணக்குப் பார்ப்பவள் சந்தவாசலிலிருந்து எங்கள் ஊருக்கு வாழ வந்த பெண். கம்ப்யூட்டர் படித்தவள். அவள்தான் படத்தைத் திரையில் பெரிதாக்கினாள். முதலில் ஓரகத்தி படம்.

அன்றைக்கு அவள் அரக்குச் சேலை கட்டியிருந்தாள். திரையில் அது சேற்றில் முக்கினது போலக் கறுத்துக் கிடந்தது. மஞ்சள் பூசின முகம் பச்சை. குங்குமம் கரி.

"ஐயய்யோ, இன்னாமே இது, நெத்தி கறுப்பா கீது?" என்றாள் ஒருத்தி.

"மூடு, மூடு. பெரியக்கா படத்தப் போடு."

என் படம் வந்தது. நீலச் சேலை நீலமாகவே இருந்தது. முகம் கொஞ்சம் கறுத்திருந்தது, ஆனால் நான் கறுப்புதானே. தலை குனிந்து முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது நல்லா கீது. அடக்கமா கீது. இதையே வெச்சிக்கலாம்."

பலரும் தலையாட்டினார்கள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். அவளை விட்டுவிட்டு என்னை எடுத்தார்கள். அப்படி ஒன்று நடக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. பொறுக்கின கல்லையும் சாமையிலேயே போட்டேன் போலிருக்கிறது.

ஓரகத்தி சிரிக்கவில்லை. நெற்றியைத் தொட்டு விரலைப் பார்த்தாள். சிவப்பாகத்தான் ஒட்டியிருந்தது. அப்புறம் தாலியைத் தொட்டாள்.

"பையில என் மூஞ்சி வேணாம். ஆனா எனக்கு அந்த நெத்தி செவப்பா தெரியணும். அப்புறம்தான் வூட்டுக்குப் போவேன்," என்றாள்.

"படத்துல கோளாறு இல்ல சின்னம்மா," என்றாள் கணக்குப் பெண். "நம்ம கணக்குப் பக்கத்தோட வெள்ளகூட இதுல பச்சையா தெரியுது, பாருங்க. திரைக்கு செவப்பு வரல."

அவள் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். அதே பச்சை. நல்லது என்று நினைத்தேன். உள்ளே போய் வண்ணம் மாற்றும் இடத்தையெல்லாம் தட்டினாள். மாறவில்லை. திரைக்குக் கீழே இருந்த பொத்தானை அழுத்திச் சிவப்பைக் கூட்டினாள். கோடு ஏறியது, நிறம் ஏறவில்லை. வராதே, வராதே என்று நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பின்னாலிருந்து திரைக்குப் போகும் நீலத் தலை ஒயரைத் திருகிக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இதோ. ஒரு கம்பி மடங்கிக் கீது. ஒரு நெறத்துக்கு ஒரு கம்பி. யார்கிட்டயாவது ஊக்கு கீதா?"

என் ரவிக்கையில் ஒன்று இருந்தது. கை போகவில்லை. ஓரகத்தி தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கைப் பிடுங்காத குறையாகக் கழற்றி நீட்டினாள். கணக்குப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கம்பியை மெள்ள நிமிர்த்தினாள். ஒயரைச் சொருகி, கம்ப்யூட்டரைப் போட்டாள்.

சிவப்பு வந்தது. சேலை அரக்காகி, முகம் மஞ்சளாகி, நெற்றிக் குங்குமம் பளிச்சென்று எரிந்தது.

"அடியே, கல்யாணப் பொண்ணாட்டம் கீறியே!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இப்ப வேணா போட்டுக்குங்க," என்றாள்.

"இரு, பெரியக்கா படத்தையும் ஒருக்கா பாத்துடலாம்," என்று யாரோ நியாயம் பேசினார்கள். பார்த்தார்கள்.

"இதுல பெருசா ஒண்ணும் மாறலியே."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மைதான். என் படத்திலிருந்து போக ஒரு சிவப்பும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. எல்லாரும் அவள் படத்துக்குக் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன், தோள் உயரத்துக்கு.

பைகள் அச்சாகி வந்துவிட்டன. அடுக்கடுக்காக அவள் முகம். சாமையை நிரப்பி வாயை ஒட்டுவது அவள் வேலை, தேதிச் சீட்டு ஒட்டுவது என் வேலை. சீட்டைக் கீழ் மூலையில் ஒட்டச் சொன்னார்கள். என் கை சில நேரம் கொஞ்சம் மேலே ஏறிவிடும். நெற்றி வரைக்கும்.

போன வாரம் அவள் ஒரு பையைத் தூக்கிக் காட்டினாள்.

"அக்கா, இன்னா இது, தேதிய என் பொட்டு மேல ஒட்டிக்கீற?"

"கண்ணு செரியா தெரிலமே."

"பின்னாடி ஒயரு லூசாக்கீதோ இன்னாவோ. திரும்பு, நான் சொருகி வுடறேன். ஊக்குகூட என்கிட்டயே கீது."

கூடமே சிரித்தது. நானும் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன். அடுத்த பையை எடுத்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்ததால் சீட்டு கீழ் மூலைக்குப் போனது.