பாப்பா லெவல்

ரெண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் குழம்பிப் போகும் என்று பேப்பரில் பயமுறுத்துகிறார்களே... எங்கள் கம்பெனியில் அதுவரை காத்திருக்கவில்லை. போன திங்கட்கிழமையே முதலாளி, நான், வாட்ச்மேன் அண்ணாச்சி, மெட்ராஸிலிருந்து வந்த ஆய்வாளர் – எல்லோரும் எங்கள் சொந்தக் கதவுக்கு வெளியே நின்றோம். இதில் கம்ப்யூட்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி, இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் நான் குப்பை கொட்டுகிறேன். அங்கே ஒரு வெளிநாட்டு ஆர்டர் வரும்போலிருந்தது. ஆனால் பேக்கிங் ஹாலுக்குள் கண்டவர்களும் நுழையக் கூடாதாம். யார், எந்தக் கதவில், எந்நேரம் போகலாம் என்பதை மெஷின்தான் முடிவு செய்ய வேண்டுமாம். வந்து இறங்கியது கார்டு சிஸ்டம்! கார்டைக் காட்டினால் பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்கும். ஆளோ நேரமோ சரியில்லை என்றால் சிவப்பு. மாட்டியவர்கள் ஊருக்குப் போய்விட, யாருக்கு என்ன லெவல், அதாவது எந்தெந்தக் கதவு, என்ன நேரம் என்று கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை என் தலையில் விழுந்தது.

அடேயப்பா! லெவலுக்கு இம்புட்டு மவுசா? முதலாளியின் மைத்துனர் எல்லாக் கதவையும் கேட்டார். எதற்கு என்றேன்.

"சும்மா கெடக்கட்டுமே... நாலு பேருகிட்ட சொல்லிக்கிடலாம்லா?"

கேன்டீன்காரருக்கு ஆபீஸ் ரூம் வேண்டுமாம். அங்கேதானே ஏ.சி. இருக்கிறது!

முதலாளி நல்ல மனுஷர். ராகுகாலம் என்றால் மட்டும் ஆள் மாறிவிடுவார். "திங்கக்கிழமை ஏழரை ஒம்போது. ஒம்போதுக்கு முன்னால எந்தக் கதவும் தொறக்கக் கூடாது. போட்டுரும்மா" என்றார். பழைய பூட்டு இருந்தபோது, ஏழேகாலுக்கே திறந்து ஒருக்களித்து வைத்து ராகுவை ஏமாற்றிவிடுவார். இந்தக் கதவு தானாகவே பூட்டிக்கொள்ளுமே, என்ன செய்வது?

"உங்க கார்டுக்காவது எந்நேரமும்னு போடட்டுமா சார்?"

"வேண்டாம். மறந்து நீட்டிருவேன். என்னையும் சேத்தே பூட்டு."

பூட்டினேன். திங்கட்கிழமை ஷிஃப்டும் ஒன்பதுக்கு மாறியது. பேக்கிங் பெண்களுக்கு டீ நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் மட்டும் கதவு திறக்கும்படி வைத்தேன். எல்லாம் கச்சிதம் – காளீஸ்வரி வரும்வரை.

காளீஸ்வரி மம்சாபுரத்துப் பெண். பிரசவ லீவு முடிந்து அப்போதுதான் பேக்கிங் வேலைக்குத் திரும்பியிருந்தாள். பிள்ளை முன்கதவுக்கு வெளியே, முற்றத்துக்கு அந்தப் பக்கம், கம்பெனி ஆயாவிடம். அது வீரிட்டு அழுவது கண்ணாடிக் கதவைத் தாண்டிக் கேட்கிறது. இவள் கார்டை நீட்டுகிறாள்... சிவப்பு. மறுபடி நீட்டுகிறாள்... சிவப்பு. ஒருவழியாக டீ நேரம் வந்ததும், பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, நனைந்த மாராப்போடு என் முன்னால் வந்து நின்றாள்.

"யக்கா, இது சரிப்பட்டு வராது. இந்த வாரத்தோட நின்னுக்கிடுதேன்."

அவள் வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்தால் உண்டு. இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. நேரே முதலாளியிடம் போனேன்.

"என்னென்ன டயத்துக்குப் பால் குடுப்பான்னு கேட்டுப் போட்டுக் குடு" என்றார்.

கேட்டேன். "பாப்பா என்ன, டயம் பாத்தா அழுதா?" என்றாள் காளீஸ்வரி.

நியாயம்தானே? 'எந்நேரமும்' என்று ஒரு நேரம் அந்தக் கம்ப்யூட்டரில் சும்மா கிடந்தது. அதோடு முன்கதவையும் பேக்கிங் ஹாலையும் சேர்த்துப் புது லெவல் ஒன்றை உண்டாக்கினேன். அதற்கு ஒரு பெயர் கேட்டது. 'பாப்பா' என்று தட்டினேன்.

முதலாளி திரையை எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, என்னைய விட மேல போயிட்டா?"

"நீங்கதான சார் பூட்டச் சொன்னீய?"

"ம்... திங்கக்கிழமை ஆர்டர் குடுக்குத மெட்ராஸ்காரவிய கம்பெனியப் பாக்க வாராவ. அவிய ஒத்துக்கலைன்னா எடுத்துரணும்."

காளீஸ்வரியிடம் சொன்னேன்.

திங்கட்கிழமை நானும் முதலாளியும் சீக்கிரமே வந்து வாசலில் காத்திருந்தோம். பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன ஆய்வாளர் எட்டுக்கே ஆட்டோவில் வந்து இறங்குகிறார்! ஒன்பதுக்குள் மதுரைக்குக் கிளம்ப வேண்டுமாம். முதலாளி பதற்றத்தில் ராகுவை மறந்து கார்டை நீட்டினார். சிவப்பு. நான் நீட்டினேன், வாட்ச்மேன் அண்ணாச்சியும் நீட்டினார். சிவப்பு. அவசரச் சாவி? ஆபீஸ் ரூமில், சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. நேரத்தை மாற்றலாம் என்றால் கம்ப்யூட்டரும் அதே ரூமில். ஆய்வாளர் வாட்சைப் பார்த்தார். முதலாளிக்கு வேர்த்துவிட்டது.

அப்போதுதான் காளீஸ்வரி வந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. அடுத்த மம்சாபுரம் பஸ்ஸுக்கு நின்றால் தாமதமாகும் என்று எப்போதும் சீக்கிரம் வந்துவிடுவாள்.

"என்ன சார், எல்லாரும் வெளிய நிக்கீய?"

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். ஆய்வாளரைப் பார்த்தார். "தொற, தாயி" என்றார், ராகுவுக்குக் கேட்காத குரலில்.

கார்டு பிள்ளையின் கையில் இருந்தது. பிடுங்கினால் அழுமே! கையும் கார்டுமாகச் சேர்த்து நீட்டினாள். பச்சை!

"இவங்க சூப்பர்வைசரா?" என்றார் ஆய்வாளர். முதலாளி வாயைத் திறப்பதற்குள் காளீஸ்வரியே சொன்னாள். "இல்ல சார், பேக்கிங். பிள்ளைக்குப் பால் குடுக்கப் போகணும்னு அக்கா இப்பிடி வச்சுக் குடுத்தாவ."

பாப்பா லெவல் இதோடு போச்சா?

"திரும்பி வரும்போது கை கழுவி, கோட் மாத்திட்டுத்தானே உள்ளே வருவீங்க?"

"அது யாரு வந்தாலும் மாத்தணும்லா சார்?"

"அப்புறமென்ன? இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார். காளீஸ்வரி பிள்ளையின் கன்னத்தில் அழுத்தி ஒரு முத்தம் வைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, என்ன செய்ய?

ஆய்வாளர் கிளம்பியதும் முதலாளியைச் சீண்டினேன். "ராகுகாலத்துல கதவு தொறந்துருச்சே சார்?"

"தொறந்தது பச்சப்புள்ளலா? அதுக்கு ஏது ராகுகாலம்!"

ஆர்டர் வந்துவிடும் என்றுதான் தோன்றுகிறது. மாசமாக இருக்கும் இன்னொரு பெண்ணும் இப்போதே எனக்குச் சொல்லி வைத்துவிட்டாள். சாயங்காலம் மைத்துனர் வந்தார். அந்தப் பாப்பா லெவல் அவருக்கும் வேண்டுமாம்.

"தாராளமா! ஆனா எப்ப அழுகைச் சத்தம் கேட்டாலும் நீங்கதான் எந்திரிச்சு ஓடணும். சம்மதமா?" என்றேன்.

அதற்கப்புறம் ஆளைக் காணோம்!