காலண்டர் தாளில் எழுதிய தேடல்

எங்கள் நர்சிங் கல்லூரி நூலகத்தில் என் மேசைக்கு எதிரே தினசரி காலண்டர் ஒன்று தொங்கும். காலையில் வந்ததும் முதல் வேலையாக முந்தின நாள் தாளைக் கிழிப்பேன். எறிய மனம் வராது. பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று துண்டுக் குறிப்புகளையெல்லாம் அதில்தான் எழுதுவேன். அந்தச் சிக்கனத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

சில வருடங்களுக்கு முன்னால், சூலூரிலிருந்து பஸ்ஸில் வந்து படித்த முதுகலை மாணவி ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். அவளுடைய அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். அவரோடு போனில் பேசும்போது இது நூலகம் என்பதையும் மறந்து கத்துவாள். நான் முறைத்தால், "அப்பாவுக்குக் காது கேக்காதுங்க மேடம், தறிச் சத்தம்" என்பாள். ஆய்வுக்கும் அதையே எடுத்திருந்தாள். தறி இரைச்சல் காதை என்ன செய்கிறது என்று இதுவரை வந்த ஆய்வுகளை ஒன்று விடாமல் தேடி எடுத்து, சலித்து, மொத்தத்தில் என்ன தெரிகிறது என்று சொல்லும் கட்டுரை. சிஸ்டமேடிக் ரிவியூ என்பார்கள். ஏதாவது ஓர் இதழ் அதை ஏற்றுக்கொண்டால், எங்கள் கல்லூரியிலேயே காலியாக இருந்த ஆசிரியர் வேலைக்கு அவள் விண்ணப்பிக்கலாம்.

தேடித் தருவது என் வேலை. அதில் நான் கெட்டிக்காரி. ஒரே மத்தியானத்தில் கம்ப்யூட்டரில் மூன்று ஆய்வுத் தளங்களில் தேடினேன். ஒரு சொல்லைச் சேர்த்தால் குப்பை குவியும். இன்னொன்றை எடுத்தால் நல்லதும் சேர்ந்து போய்விடும். கடைசியில் சரியாக அமைந்த சொற்களை அன்று கிழித்த காலண்டர் தாளின் பின்னால் கிறுக்கினேன். அவள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "இதையெல்லாம் எழுதி வெச்சுக்கோணுமுங்களா மேடம்?" என்று கேட்டாள்.

"எல்லாம் இங்க இருக்குது கண்ணு. நீ படிக்கற வேலையைப் பாரு" என்று நெற்றியைத் தட்டிக் காட்டினேன். அவள் நோட்டை மூடிவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை யாரோ கோயில் திருநீறு கொடுத்தார்கள். மேசையில் கைக்குக் கிடைத்த காலண்டர் தாளில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். திருநீற்றைச் சம்புடத்தில் தட்டிவிட்டுத் தாளைக் கசக்கி எறிந்தேன். தேடல் சொற்களை எழுதிய தாள் அதுதான் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் பல மாதம் உட்கார்ந்து படித்து, எழுதி, அனுப்பினாள். இதழிலிருந்து பதில் வந்தது. எந்தத் தளத்தில், எந்தத் தேதியில், எந்தச் சொற்களை எப்படிச் சேர்த்துத் தேடினீர்கள்? இன்னொருவர் அதே வழியில் தேடிப் பார்க்கும்படி எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்விதான்.

அந்தத் தாளைத் தேடியபோதுதான் திருநீறு மடித்தது நினைவுக்கு வந்தது. தாள் இல்லாமலேயே தளங்களில் மறுபடி தேடினேன். நெற்றியில் இருப்பதாகச் சொன்ன எதுவும் நெற்றியில் இல்லை. நூற்பாலை என்ற சொல்லைச் சேர்த்தேனா, விட்டேனா? எப்படி மாற்றிப் போட்டாலும் முதலில் கிடைத்த ஆய்வுகளின் எண்ணிக்கை வரவில்லை. "ஏதோ ஒரு தேதியைப் போட்டு, இப்ப வர்றதையே எழுதி அனுப்பிப்போடலாம். யாரு வந்து பாக்கப் போறாங்க" என்றேன். சொன்ன வாய் இன்னும் கூசுகிறது.

"வேண்டாமுங்க மேடம், அது பொய்யாயிருமுங்க" என்றாள், எனக்கு வலித்துவிடக் கூடாதே என்று மெதுவாக.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். "தேடுனா எழுதி வெக்கோணும்னுகூடத் தெரியாதா? யாரு தேடுனது?"

இருபது வருடம் சம்பாதித்த நல்ல பெயர் என்னைத் தடுத்தது. ஒரு நொடி தயங்கினேன்.

"நாந்தானுங்க சார். எழுதாம உட்டுப்போட்டனுங்க" என்றாள் அவள்.

நான் அதைத் திருத்தவில்லை. அவர் திட்டிய திட்டையெல்லாம் அவள் ஒருத்தியே வாங்கினாள். வெளியே வந்து, "ஏன் கண்ணு அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். "நீங்க எனக்காகத்தானுங்க தேடுனீங்க. உங்களுக்கு எதுக்குங்க பேச்சு" என்றாள். அப்போதாவது திரும்பி உள்ளே போயிருக்கலாம். கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. வேண்டாம் என்று என்னை யாரும் பிடித்து வைக்கவில்லை.

அவள் முதலிலிருந்து எல்லாவற்றையும் தேடி, ஒவ்வொன்றையும் குறித்து, மறுபடி படித்து எழுதினாள். கட்டுரை வெளிவந்தது. அதற்குள் அந்த வேலைக்கு வேறொருவர் வந்துவிட்டார். இப்போது கோபிச்செட்டிபாளையத்தில் ஓர் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருக்கிறாள். பொங்கலுக்குப் பொங்கல் தவறாமல் வாழ்த்து அனுப்புகிறாள். கட்டுரையின் முடிவில் எனக்கு நன்றி சொல்லியிருந்தாள். அந்த வரியை நான் யாரிடமும் காட்டியதில்லை.

இப்போது ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். தளம், தேதி, சொற்கள், எண்ணிக்கை என்று கோடு போட்டு, கடைசிக் கட்டத்தில் 'தேடியவர்'. மேடம் ரொம்ப ஒழுங்கு என்று புதுப் பிள்ளைகள் சொல்கிறார்கள். அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு முறையும் என் பெயரை இனிஷியலோடு முழுதாக எழுதுகிறேன்.

பேராசிரியர் இன்னும் அதே அறையில்தான் இருக்கிறார். அன்று தேடியது நான் என்று அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.