மூன்றாவது மூடிக்குள் ஒரு கசகசா

என் அண்ணன் பெண்டாட்டி ஆர்டித்தை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் எதையோ பூசி மெழுகினேன் என்று யாரும் பேசக் கூடாது.

கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே, நான் சுட்ட கொலாச்சி ரொட்டியின் நடுவிலிருந்த கருப்புக் கசகசாப் பூரணத்தைக் கத்தியால் வழித்துத் தட்டோரம் தள்ளியவள் அவள். சுற்றியிருந்த ரொட்டியை மட்டும் தின்றாள். "பல்லுல மாட்டுது லிபி" என்றாள். நெப்ராஸ்காவில் எங்கள் ஊரில் பாதிப் பேர் செக் நாட்டு வம்சம். என் கசகசாக் கொலாச்சிக்காகவே மோட்டார் சைக்கிள் கிளப்பின் கூட்டத்துக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். இவள் இருபத்தாறு வருடம் வழித்து வழித்துத் தள்ளினாள். ஒரு நாளாவது எனக்காக விழுங்கியிருக்கலாம். மாட்டாள்.

கோழி வெட்டும் ஆலையில் அவளுக்கு வேலை. எலும்பில் ஒட்டிய கறியைச் சுரண்டிச் சுரண்டி விரல்கள் மெலிந்து கம்பி மாதிரி ஆகியிருந்தன. எண்பத்தொன்றில் நெடும்பயணத்துக்கான அந்த நாலு சிலிண்டர் மோட்டார் சைக்கிளை வாங்கியது அவள் சம்பளத்தில்தான். ஓட்டியது என் அண்ணன் எல்டன். பதினேழு கோடை அவள் பின்னால் உட்கார்ந்து போனாள். திரும்பி வந்ததும் எல்டன் மலை, கடல், பாலைவனம் என்று படம் போட்டுக் காட்டுவான். "நீ என்ன பாத்த?" என்று அவளைக் கேட்டால், "எல்டன் முதுகு" என்பாள். சிரிக்காமல் சொல்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குளிர்காலத்தில் வண்டியின் நாலு கார்புரேட்டரும் அவர்கள் சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிடும். எலுமிச்சைச் சாற்றில் வேகவைத்து, ஜெட் துளைகளை மெல்லிய கம்பியால் குத்தி, மிதவைகளின் உயரத்தை அளந்து, ரப்பர் வளையங்களை மாற்றி அவற்றைச் சரிசெய்தது அவள்தான். கிளப்பில் "நான்தான் டியூன் பண்ணேன்" என்று சொன்னது எல்டன். அவள் மறுத்துப் பேசியதில்லை. அதை நான் அடக்கம் என்று நினைத்திருந்தேன். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது.

ஐம்பத்து நாலாவது வயதில், யாருக்கும் சொல்லாமல் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு உரிமமும் வாங்கினாள். அடுத்த வாரமே விவாகரத்துக்கு மனு போட்டாள். வீடு வேண்டாம், படகு வேண்டாம், வண்டி மட்டும் போதும் என்றாள். "முன்னால என்ன இருக்குன்னு பாக்கணும்" என்று வக்கீலிடம் சொன்னாளாம். எல்டன் கொதித்தான். அவளுக்கு அதை ஸ்டார்ட் பண்ணவே தெரியாது, தன்னை நோகடிக்கத்தான் கேட்கிறாள் என்றான். கடைசியில் இரண்டு பேரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். மே மாதக் கடைசித் திங்களன்று கிளப்பின் முதல் பயணம் கிளம்பும். அன்றைக்கு அவள் அந்த வண்டியைத் தானே ஓட்டி வந்து, அது ஒழுங்காக, சீராக ஓடுகிறது என்று தலைவர் மெர்ல் சொன்னால், வண்டி அவளுக்கு. இல்லையென்றால் எல்டனுக்கு.

ஜனவரியில், வண்டியை ஒப்படைப்பதற்கு முன், எல்டன் கார்புரேட்டர்களைத் தூக்கிக்கொண்டு என் சமையலறைக்கு வந்தான். அவன் ஷெட்டில் ஹீட்டர் இல்லை. மேல் மூடிகள் நாலையும் கழற்றி, உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைடுகள் நாலையும் உருவினான். என் கொலாச்சித் தட்டை நீட்டினேன். அதில் வரிசையாக வைத்தான்.

அந்த வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு ஸ்லைடும் அதன் மூடியோடு ஜோடியாகக் கடையப்பட்டது. ஒன்றன் மூடியில் இன்னொன்றைப் போட்டால் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் ஒன்று தொப்பென்று விழும், ஒன்று இறங்காமல் தொங்கும். வண்டி ஜென்மத்துக்கும் சீராக ஓடாது.

எல்டன் நாலையும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினான்.

"ஒரு திருகாணி கொறையல, ஒண்ணும் ஒடைக்கல. எந்த ஜட்ஜு வந்தாலும் ஒண்ணும் சொல்ல முடியாது. என்ன லிபி?" என்றான்.

"நல்லா வேணும் அவளுக்கு" என்றேன். அப்படித்தான் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தேன்கூட.

அவள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் கராஜ், என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே. ஏப்ரல் முழுவதும் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அதைவிட முக்கியமான வேலை இல்லை. கார்புரேட்டரை முதல் தடவை கழற்றி, கீழ்க் கிண்ணங்களைத் திறந்து எல்லாவற்றையும் கழுவினாள். மேலே பளபளவென்று இருந்ததால் மூடிகளைத் தொடவில்லை. மாட்டி ஸ்டார்ட் செய்தாள். வண்டி இருமியது, உதறியது, அணைந்தது. நாலு கார்புரேட்டரும் ஒரே அளவில் இழுக்கின்றனவா என்று காட்டும் நாலு முள் மீட்டரை மாட்டி உட்கார்ந்தாள். நாலில் ஒரு கார்புரேட்டருக்குத் திருகு கிடையாது. மற்ற மூன்றையும் திருகித் திருகி அதன் வழிக்குக் கொண்டுவர வேண்டும். முட்கள் நாலும் நாலு திசையில் ஆடின. இரண்டாம் தடவை கழற்றினாள். மே முதல் வாரம் மூன்றாம் தடவை. எல்டனுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "டிரெய்லரக் கழுவி வைக்கிறேன்" என்றான்.

ஒரு சனிக்கிழமை காலை, கொலாச்சியை ஒரு சாக்காக எடுத்துக்கொண்டு நேரிலேயே போனேன். அவள் முக்காலியில் உட்கார்ந்து, ஒரு மூடியைத் தலைகீழாகப் பிடித்து, அதற்குள் ஸ்லைடு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

"எண்ணிக்கிட்டிருக்கேன். வாய மூடு."

"மரியாதையாப் பேசு. ஒனக்குன்னு கொலாச்சி கொண்டாந்திருக்கேன்."

"பதினொண்ணு, பன்னெண்டு…" டக்கென்று சத்தம் கேட்டது. பக்கத்திலிருந்த அட்டையில் ஏதோ எழுதினாள். எந்த மூடிக்குள் எந்த ஸ்லைடு எத்தனை எண்ணிக்கையில் இறங்குகிறது என்று ஜோடி தேட, நாலு மூடிக்கு நாலு ஸ்லைடு, பதினாறு கட்டம் போட்டிருந்தாள். பத்துக் கட்டம் நிரம்பியிருந்தது.

"முடியலன்னா விட்டுட வேண்டியதுதான? எல்டன் பாத்துக்குவான்" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த கொலாச்சியையும் பார்த்தாள்.

"லிபி, எங்கிட்ட குடுக்கறதுக்கு முன்னால எல்டன் இத எங்க வச்சுப் பிரிச்சான்?"

"எனக்கென்ன தெரியும்? அவன் ஷெட்டுலதான் பிரிச்சிருப்பான்."

"அங்க ஹீட்டர் கெடையாதே."

"அதெல்லாம் போய் அவனக் கேளு. நான் என்ன அவன் காவல்காரியா?"

"கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடை எடுத்தாள். "ஒண்ணு, ரெண்டு…"

நான் தட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் தட்டு என் வாசற்படியில் இருந்தது. ரொட்டியைத் தின்றுவிட்டுப் பூரணம் பூராவையும் வழித்துத் திருப்பி அனுப்பியிருந்தாள். அன்று மத்தியானம் அந்த வண்டி அவள் கராஜில் ஓடிய சத்தம், ஜன்னலை மூடிய பிறகும் கேட்டது. சீராக, தையல் மெஷின் போல ஓடியது. நான் எல்டனுக்குப் போன் போடவில்லை. ஏன் போடவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கும்.

மே கடைசித் திங்கள். நாற்பது மைல் தள்ளி, ஏரிக்கரையில் கிளப் கூடியது. எல்டன் பிக்கப்புக்குப் பின்னால் டிரெய்லரை மாட்டி, வண்டியைக் கட்டக் கயிறும் எடுத்துக்கொண்டு வந்திருந்தான். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். கொலாச்சியை மேஜையில் பரப்பினேன்.

அவள் வந்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து, அவசரமில்லாமல் வந்தாள். பெட்டிகளில் சாமான்கள் ஏற்றியிருந்தன, கூடாரம் பின்னால் கட்டியிருந்தது. மெர்ல் அருகே நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை.

"சத்தம் நல்லாத்தான் இருக்கு" என்றார் மெர்ல்.

"சத்தத்த வச்சு என்னய்யா? காசு நிக்கணும்" என்றான் எல்டன்.

அது கிளப்பின் பழைய வழக்கம். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் மேல் ஐந்து சென்ட் காசை விளிம்பில் நிறுத்த வேண்டும். விழுந்தால் டியூன் சரியில்லை.

"எல்டன், நீ நிறுத்துனதே கெடையாதேப்பா" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

"நான் நிறுத்தியிருக்கேன். தொண்ணூத்தி ரெண்டுல."

"அந்த வருஷம் டியூன் பண்ணது நான்" என்றாள் ஆர்டித். பதினேழு வருடத்தில் முதல்தடவையாகச் சொன்னாள்.

மெர்ல் காசைக் கொடுத்தார். அந்தக் கம்பி விரல்களால் எஞ்சின் மேல் அதை நிறுத்தி, கையை எடுத்தாள். காசு நின்றது. மெர்ல் முப்பது வரைக்கும் எண்ணினார். அப்போதும் நின்றது. யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். என் கையும் தட்டியது. அதை நான் எல்டனிடம் சொன்னதில்லை.

"வண்டி ஒன்னோடதும்மா" என்றார் மெர்ல்.

அவள் ஹெல்மெட்டோடு நேராக என் மேஜைக்கு வந்தாள். சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத் துண்டு ஒன்றை எடுத்துப் பிரித்து, என் கொலாச்சித் தட்டின் மேல் கவிழ்த்தாள். கருப்பாக, எண்ணெய் பிசுபிசுக்க, ஒரே ஒரு கசகசா விழுந்தது.

"மூணாவது மூடிக்குள்ள ஸ்பிரிங் குழியில ஒட்டிக்கிட்டிருந்துச்சு. என் வீட்டுல கசகசா கெடையாது. ஒன்னோடத நீயே வச்சுக்க."

மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கு மட்டும்தான் கேட்டது. மெர்லிடம் காட்டியிருக்கலாம். கிளப் முழுவதையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் ஊரையே கூட்டியிருப்பேன். அவள் திரும்பிப் போய் வண்டியில் ஏறி, கிளப்போடு சேராமல், மேற்கே போகும் சாலையில் தனியாகத் திரும்பினாள். இருபத்தாறு வருடத்தில் அவள் எனக்குச் செய்த கெடுதல் என்னவென்று அங்கே நின்று தேடிப் பார்த்தேன். கசகசாவை வழித்ததைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

எல்டன் வந்தான். தட்டை எட்டிப் பார்த்தான். "மூணாவது மூடிக்குள்ள இருந்துச்சாம்" என்றேன். அவனுக்குப் புரிய ரொம்ப நேரம் ஆகவில்லை.

"ஒரு தட்ட ஒழுங்காக் கழுவத் தெரியாதா ஒனக்கு?" என்றான். "எல்லாம் ஒன்னாலதான்."

எனக்குத் திரும்பிப் போக வேறு வண்டி இல்லை. அவன் பிக்கப்பில்தான் ஏறினேன். நாற்பது மைலும் காலி டிரெய்லர் பின்னால் தடதடவென்று அடித்துக்கொண்டே வந்தது. அவன் அவளைத் திட்டி முடித்துவிட்டு, என்னைத் திட்ட ஆரம்பித்தான்.