ஒரு அடுப்புக்கு ஒரு பை

போதகரே, நீர் பொய் சொன்னீர். தையல் டீச்சர் தானாகக் கேட்டுத்தான் குலசேகரத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாறிப் போனாள் என்று சபைக் கமிட்டியில் சொன்னீர். அவள் கேட்கவில்லை. உப்பு வாங்கப் போனாலும் என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறவள் அவள்.

இதைப் பழைய கதை என்று யாரும் தள்ள வேண்டாம். எங்கள் பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்புக்கு இன்னும் ஆள் இல்லை. லீவு முடிந்து திறக்கும்போது அவளையே திரும்பக் கூப்பிடலாமா என்று தலைமை ஆசிரியை கேட்டுவிட்டார். "அவளே விரும்பிப் போனவள், நான் எப்படி இழுத்துவர முடியும்" என்று நீர் கையை விரிக்கிறீர். பள்ளிக்கூடத்து மேனேஜரும் நீர்தான், சபைக்குப் போதகரும் நீர்தான். நீர் சொன்ன அந்த ஒரு பொய்தான் அவளை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறது. அதனால் எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வரும். அது போதும்.

நான் நாகர்கோவிலில் டிரெயினிங் முடித்து இரணியலுக்குப் பக்கத்தில் உள்ள இந்தப் பெண் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது சின்ன வயது. கல்யாணம் வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன். ஊழியத்துக்குப் போகப் போகிறேன் என்று நினைத்து அவர் சந்தோஷப்பட்டார். ஊழியம் ஒன்றும் இல்லை. எனக்கு ஆண்கள் மேல் ஆசை வரவில்லை, பெண்கள் மேல் வந்தது. படிக்கிற காலத்திலேயே அது எனக்குத் தெரியும். அதை என்ன சொல்லிச் சொல்வது என்று தெரியாததால் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு எங்கள் ஊரில் இன்றைக்கும் ஒரு சொல் கிடையாது. சொல் கிடையாது என்றாலும் தண்டிக்க உமக்குத் தெரிந்திருக்கிறது.

அவள் எனக்கு அடுத்த வருஷம் வந்தாள். குண்டூசிகளை உதட்டில் கடித்துக்கொண்டே பேசுவாள். பேச்சு ஒன்றும் குறையாது. ரவிக்கையில் எப்போதும் நூல் துணுக்கு ஒட்டியிருக்கும். அப்பா தறி நெய்கிறவர். எனக்கு உட்கார்ந்து பழக்கம் இல்லை. பாடம் நடத்தும்போது வகுப்பைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். பிள்ளைகள் எனக்கு 'நடையம்மா' என்று பேர் வைத்திருந்தார்கள். அவள் வந்த முதல் வாரத்திலேயே என் வகுப்பு வாசலில் நின்று, "ஏட்டி, இந்தத் தரை என்ன பாவம் செஞ்சு? கொஞ்சம் இரி," என்றாள். நான் இருந்தேன். அதற்குமுன் யாரும் சொல்லி நான் உட்கார்ந்ததில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். இரண்டு டீச்சர்கள் ஒரு வீட்டில் இருப்பது யாருக்கும் உறுத்தவில்லை. சிக்கனமான பெண்கள் என்று நீரே ஒரு முறை பாராட்டினீர். காலையில் அவள் அடுப்பு மூட்டுவாள், நான் கிணற்றில் தண்ணீர் கோருவேன். மத்தியானம் அயினி மரத்தடியில் கணக்கு டீச்சரோடு சாப்பாடு. அவள் எங்களைவிட மூத்தவள், விதவை, கல்யாண வயதில் ஒரு மகள். அவள் சாளை மீனில் புளிமுளம் வைத்துக் கொண்டுவருவாள், நாங்கள் மரச்சீனிக் கிழங்கு அவித்துக் கொண்டுபோவோம். மூன்று பேரும் ஒரே இலையில் கை போட்டிருக்கிறோம்.

"ரெண்டு பேரும் இப்பிடியே கிடந்து கிழவியளா ஆவப் போறியளா?" என்று கணக்கு டீச்சர் கேட்பாள்.

"ஒங்களுக்கு முந்தி ஆவமாட்டோம், பயப்படாதிய," என்பாள் இவள்.

கணக்கு டீச்சருக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தெரிந்து, ஒன்றும் சொல்லாமல், பெரிய மீனை எங்கள் பக்கம் தள்ளிவைக்கிறாள் என்று நினைத்தேன்.

இனி அரிசிக் காரியம். எங்கள் சபையில் ஒவ்வொரு வீட்டிலும் உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட வேண்டும். அது பிடியரிசி. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரி அதைத் துணிப்பையில் கட்டிக் கோயிலுக்குக் கொண்டுவந்து பெட்டியில் தட்டுவாள். ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். கல்யாணம் கழிந்து புது அடுப்பு மூட்டுகிற பெண்ணுக்குப் பெண்கள் சங்கத்தார் ஒரு புதுப் பை கொடுப்பார்கள், மூலையில் புருஷன் பேரின் முதல் எழுத்தும் அவள் பேரின் முதல் எழுத்தும் தைத்து. அந்தப் பைகளைத் தைப்பவள் எங்கள் தையல் டீச்சர்தான். கல்யாணம் ஆகாத பெண்ணுக்குப் பை கிடையாது. அவள் அப்பன் வீட்டுப் பையில் அடக்கம்.

எங்களுக்கு அந்த முறை ஓர்மையில்லாமல், மறந்தே போயிற்று. சத்தியமாகச் சொல்கிறேன், அடம்பிடித்து ஒன்றும் செய்யவில்லை. சின்ன வயதிலிருந்து பழகிய கை, உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்து மாற்றிப் போட்டுவிடும். பானை நிறைந்துவிட்டது. "வண்டு விழுந்துரும் ஏட்டி, ஞாயறாச்ச கொண்டு தட்டீருவோம்," என்றாள். சங்கத்துப் பைகளுக்கு வெட்டியதில் மிச்சத் துணி கிடந்தது. அதில் ஒரு பை தைத்தாள். கைப்பழக்கத்தில் மூலையில் இரண்டு எழுத்தும் தைத்துவிட்டாள். என்னுடையது ஒன்று, அவளுடையது ஒன்று.

கோயிலில் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது உமது மனைவி, ஐயரம்மா. பையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"இது யாருக்க வீட்டுப் பை?"

"எங்களுக்க வீட்டுப் பை, ஐயரம்மா," என்றாள் இவள்.

"எங்களுக்கன்னா? ஒனக்க அப்பன் வீட்டுக்கதா, அவளுக்க அப்பன் வீட்டுக்கதா?"

"ரெண்டும் இல்ல. நாங்க பொங்கித் திங்கிய வீட்டுக்கது."

பின்னால் வரிசையில் நின்ற ஒருத்தி, "அங்க மாப்பிள்ளை ஆருட்டி?" என்றாள். இரண்டு மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

இவள் திரும்பினாள். "மாப்பிள்ளை வேலைய வாரத்துக்கு ஒருத்தியா பாக்கியோம், அக்கா. அடிக்க மட்டும் இன்னும் படிக்கல்ல."

பெண்கள் பக்கம் முழுவதும் சிரித்தது. கேட்டவளும் சிரித்தாள், அவள் முதுகில் புருஷன் அடி விழுவது ஊருக்கே தெரியும். ஆண்கள் பக்கத்திலிருந்து தலைகள் திரும்பின. நீர் அங்கி மாட்டிக்கொண்டு வாசலில் நின்றீர். நீர் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், புருஷன் இல்லாத வீட்டில் அடுப்பு எரிந்தாலும் அது குடும்பம் ஆகாது, அது கர்த்தரைப் பரியாசம் பண்ணுவது என்றீர். கணக்கு டீச்சர் விதவை. அவள் வீட்டிலும் புருஷன் இல்லை. அவள் பையை நீர் வருஷக்கணக்காக வாங்கியிருக்கிறீர். திங்கட்கிழமை கோயில் வேலைக்காரர் எங்கள் பையைத் திருப்பிக் கொண்டுவந்து தந்தார். காலிப் பை. அரிசியை ஏலத்தில் விற்றுவிட்டுப் பையை மட்டும் அனுப்பியிருந்தீர்.

பிறகு நீர் பள்ளிக்கூடத்துக்கு வந்து, தலைமை ஆசிரியையின் அறையில் எங்கள் இருவரையும் நிறுத்தினீர். "தனித்தனி வீட்ல இருங்க. பை வேணும்னா அவங்கவங்க அப்பன் வீட்டுப் பையில போடுங்க. நான் இதோட விட்டுடுதேன்," என்றீர். யோசித்துச் சொல்கிறோம் என்று இவள் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு இருக்க முடியவில்லை. கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"ரெண்டு வீடு எடுத்தா என்ன கேடு?" என்றாள். "ஒண்ணுல நாம கிடப்போம். மத்ததுல கோழி வளப்போம்."

"எனக்குச் சிரிப்பு வரல்ல."

"ஒனக்கு எப்பம் வந்து? எனக்க வேல போனா அப்பாக்க தறிய நம்பித்தான் எல்லாரும் கஞ்சி குடிக்கணும். ஒனக்கு அது தெரியாது, மக்கா."

"அப்ப அவரு சொன்னதுக்குத் தல ஆட்டணுமா?"

"தலைய ஆட்டுவோம். காலு எங்க போவுதுன்னு அவரு வந்து பாக்கப் போறாரா?"

அவள் சொன்னதில் அறிவு இருந்தது. எனக்கு அந்த அறிவு இல்லை, இனியும் வராது. மறுநாள் நீர் கேட்டபோது, அவள் வாயைத் திறக்கும் முன்பே நான் சொன்னேன்: "எங்க வீட்ல ஒரு அடுப்புதான் எரியுது. ஒரு பைதான் வரும்." அவள் என்னைப் பார்த்தாள். கோபத்தோடுதான் பார்த்தாள். ஆனால் என் பக்கத்திலிருந்து நகரவில்லை.

மறு மாசம் அவளுக்குக் குலசேகரத்துக்கு மாற்றல் வந்தது. பதில் சொன்னவள் நான். மாற்றல் அவளுக்கு. என் அப்பா கோயிலுக்கு நிலம் எழுதிக் கொடுத்தவர், அவளுடைய அப்பா பிறருக்கு நெய்து கொடுக்கிறவர். இதற்குமேல் விளக்கம் வேண்டாம். என் மேல் கை வைக்க உமக்குப் பயம்.

கணக்கு டீச்சர் அயினி மரத்தடிக்கு வருவதை நிறுத்தினாள். வகுப்புக்குள்ளேயே முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒரு நாள் நான் போய் முன்னால் நின்றேன்.

"எனக்க மவளுக்குக் கல்யாணம் பேசிக்கிட்டிருக்கு, மக்கா," என்றாள் தலையைத் தூக்காமல். "தெற்றா நெனக்காத."

"தெற்றாத்தான் நெனக்கியேன்."

"நெனச்சுக்கோ. மீனு வேணுமா?"

வேண்டாம் என்று வந்துவிட்டேன். அவள் மீனுக்கு இன்றைக்கும் வாய் ஊறுகிறது. அவளோடு இன்றைக்கும் பேசுவதில்லை. ஒரே பள்ளிக்கூடத்தில் பக்கத்து வகுப்பு. அவள் வாய்பாடு சொல்லிக்கொடுக்கிற சத்தம் என் வகுப்பில் கேட்கிறது.

சனிக்கிழமைகளில் தக்கலைக்கு நடந்து பஸ் ஏறுகிறேன். பஸ் வழியில் நிற்கும், சூடாகும், தண்ணீர் ஊற்றுவார்கள். நான் இறங்கி ரோட்டில் நடப்பேன். கண்டக்டர், "டீச்சரே, நடந்தே போயிருவியளா?" என்று கேலி செய்வான். போய்விடலாம் போலத்தான் இருக்கும். குலசேகரத்தில் ரப்பர் பால் உறையவைக்கிற நாற்றம் துணியிலெல்லாம் ஏறிவிடுகிறது. அவளுக்குக் கொடுத்த அறை ரப்பர் ஷீட் காயப்போடுகிற கொட்டகைக்குப் பின்பக்கம். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களின் பிள்ளைகள் வெட்டு முடிந்த பிறகுதான் பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள், வந்து உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். அவர்களுக்கு அவள் தையல் சொல்லிக்கொடுக்கிறாள். மழைக்காலத்தில் இரண்டு முறை காய்ச்சலில் கிடந்தாள். நான் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு ஞாயிறு காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடிவருவேன். ஆராதனைக்கு வராவிட்டால் நீர் அதையும் எழுதி வைப்பீர்.

தலைமை ஆசிரியை அவளைத் திரும்பக் கேட்ட செய்தியை நான்தான் கொண்டுபோய்ச் சொன்னேன். அவளாகவே கேட்டுப் போனதாக நீர் கமிட்டியில் சொன்னதையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. எதற்கும் ஒரு வேடிக்கை சொல்கிறவள், அன்றைக்கு ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

"நான் கேட்டேனா? நான் எப்பம் கேட்டேன்? நான் வந்து சபைல சொல்லியேன்."

சொல்லத்தான் வந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து அறிவிப்பு வாசிக்கிற நேரத்தில் பெண்கள் பக்கத்தில் எழுந்து நின்றாள். "ஐயரே, எனக்க மாற்றல் காரியம் ஒண்ணு சொல்லணும்," என்றாள்.

பெண்கள் சபையில் பேசக்கூடாது என்று வேதத்தில் இருக்கிறது என்றீர். இரிக்கச் சொன்னீர். அவள் நின்றாள். நீர் கடைசிப் பாட்டை ஆரம்பித்துவிட்டீர். எல்லாரும் எழுந்து பாடினார்கள், கணக்கு டீச்சரும் பாடினாள். அவள் நின்றதும் மற்றவர்கள் நின்றதும் ஒன்றாகிவிட்டது.

சரி, போதகரே. அவள் பேசக்கூடாது. நானும் பேசக்கூடாது. அப்படியானால் நீர் பேசும். கமிட்டி அறையில், நாலு பேர் நடுவில் பேச வேண்டாம். இதை அச்சில் போடுகிறேன், சபையார் எல்லார் கையிலும் இருக்கும். இதற்காக என் வேலை போகும் என்று தெரியும், போகட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை, ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் நிறைந்திருக்கும்போது எழுந்து நின்று, கேட்கிற மாதிரி சொல்லும்: குலசேகரத்துக்குப் போக அவள் கேட்டாளா, நீர் அனுப்பினீரா?