சுடரில் கரி அளக்கிறவர்

மேடம் எரிவாயுக் குழாயின் திருகை இரண்டு விரலால் மயிரிழை அளவு திருப்புகிறார். சுடர் கொஞ்சம் உயர்கிறது. இன்னும் ஒரு மயிரிழை. நிற்கிறது. நெருப்பு அப்படி நின்று நான் பார்த்ததில்லை, நுனிகூட ஆடவில்லை.

"சிஸ்டர், பெருமூச்சு விடறதா இருந்தா வெளிய போய் விட்டுட்டு வாங்க."

படியில் விழுந்து கால் முறிந்தவர். மாவுக்கட்டோடு வீட்டில் கிடக்க மாட்டேன் என்று அடம். பார்த்துக்கொள்ள வந்த நான் சக்கர நாற்காலியை ஆய்வுக்கூடம் வரை தள்ளுகிறேன். சாப்பாட்டை மறப்பார். புருஷன் கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டார். முதுகுக்குப் பின்னால் சுடர் ஒரு நூல் சாய்ந்தால் மட்டும் தெரிந்துவிடும்.

சுடருக்குள் சிவப்பு லேசர் ஒளியை அனுப்புகிறார். உள்ளே இருக்கும் கரித்துகள் அதில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். மறுபக்கம் ஒளி எவ்வளவு குறைந்து வருகிறதோ, அதை வைத்துக் கரி எவ்வளவு என்று சொல்லிவிடுகிறார். நெருப்பைத் தொடுவதில்லை, கலைப்பதில்லை. ஊசியும் குழாயும் ஏற்றாமல் உடம்புக்குள் எதையும் அறிய முடியாத வேலை என்னுடையது.

புது பர்னர் ஒன்றை இவரே வடிவமைத்திருந்தார். பழையதைவிடக் கரி குறைவு என்று அளந்தும் காட்டியாயிற்று. மறுநாள் கூட்டத்தில் ஒப்புதல் கிடைத்தால் தயாரிப்புக்குப் போய்விடும்.

கடைசியாக ஒருமுறை பழைய பர்னரை அளந்துவிட்டுச் சுடரை அணைத்தார். சுடர் இல்லாததால் ஒளி குறையாமல் மறுபக்கம் வந்திருக்க வேண்டும். திரையில் எண் கீழேயே நின்றது. எட்டி, ஒளி நுழையும் கண்ணாடியைக் கழற்றினார். அதன்மேல் மெல்லிய கறுப்புப் படலம். ஒவ்வொரு முறையும் புதியதை முதலில், பழையதைப் பிறகு அளந்திருக்கிறார்கள். கண்ணாடியில் படிந்த கரியும் பழையதன் கணக்கில் ஏறியிருக்கிறது.

"கொஞ்சம்தானே மேடம், விடுங்க," என்றார் கூட வேலை செய்பவர்.

"கொஞ்சம்னா எவ்வளவு? அதைச் சொல்லத்தானே நமக்குச் சம்பளம்?"

புதுக் கண்ணாடி பொருத்தி இரண்டையும் மறுபடி அளந்தார்கள். வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. வீடு திரும்பும் வழியில் நான் இவரைத் தேற்றவில்லை, அடிபட்ட இடத்தில் உடனே கை வைக்கக் கூடாது.

மறுநாள் காலை கூட்ட அறைக்குள் நாற்காலியைத் தள்ளினேன். பாராட்டிக் கை குலுக்க எழுந்த கூட்டத் தலைவரிடம் இவர் கறுத்த கண்ணாடியை நீட்டினார்.

"விளிம்பைப் பிடிச்சுப் பாருங்க சார். நடுவுல விரல் படக் கூடாது."