கோழி டாக்டர் கேட்ட கேள்வி

கருவாட்டுத் தூளும் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் ஒன்றாக அரைபடும் வாசனை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையில் வேலை பார்த்தவர்கள் கை தூக்குங்கள்! துவைத்துக் காயப்போட்ட சுடிதாரிலும் அந்த வாசனை இருக்கும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மா மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்...

பி.காம் முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. முட்டைப் பண்ணையில் ஆபீஸ் வேலை. ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தீவன மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேஜை, தலைக்கு மேல் ஒரு ஃபேன். அவ்வளவுதான்.

அங்கே கோழிகளுக்கு நடந்த உபசாரம் இருக்கிறதே... அடேயப்பா! முட்டை ஓடு லேசாக மெலிந்தால் கிளிஞ்சல் தூள். வெயில் ஏறினால் தண்ணீரில் விட்டமின். கொஞ்சம் சோர்ந்து நின்றால் கல்லீரல் டானிக். புது மாப்பிள்ளையைக்கூட யாரும் அப்படிப் பார்த்துப் பார்த்துக் கவனித்திருக்க மாட்டார்கள்.

வாரத்துக்கு ஒரு தடவை கோழி டாக்டர் பைக்கில் வருவார். இளவயசுக்காரர். வண்டியை விட்டு இறங்குவதற்குள் முட்டை எடுக்கும் பெண்கள் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். ஒருத்திக்கு முழங்கால் வலி, இன்னொருத்திக்கு முடி கொட்டுகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் வேலை கெட்டுவிடும். இவர்தான் வாசலுக்கே வருகிறாரே!

அவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிடுவார். "அக்கா, ரெண்டு கால் ஜீவன்ல எனக்குக் கோழி மட்டுந்தாங்க தெரியும். ஆளை உடுங்க!"

அந்தப் பெண்களில் பாவாயி அக்காதான் வாய்க்காரி. வேலையிலும் அவர்தான் முதல். ஆனால் அந்தக் கோடையில் ஆள் ஒரு மாதிரி ஆகிவிட்டார். நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். அடிக்கடி கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு நாள் முட்டை டிரே கையை விட்டு நழுவியது. அடுத்த வாரமே இன்னொன்று.

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் முட்டை உடைந்தால் மட்டும் மனுஷன் முகமே மாறிவிடும். "வயசாயிருச்சாட்ட இருக்குது. இன்னொருக்கா உழுந்துச்சுன்னா ஊட்டுல இருந்துக்கச் சொல்லீரு" என்று என்னிடம் சொல்லிவிட்டார். அதை நான் எந்த வாயால் சொல்வது?

சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அக்காவே மேஜைக்கு வந்து நின்றார். "ஏஞ்சாமி, என்னைய நிறுத்தப் போறாங்களா? புள்ளைக்கு காலேஜு இன்னும் ஒரு வருசம் இருக்குதே..." எப்போதும் கேலி பேசுகிற ஆள் அப்படிக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வாரம் டாக்டர் வந்ததும் அக்கா நேராகப் போய் அவரை மறித்தார். முதலாளியும் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"டாக்டருங்க, என்னைய ஒரு கோழின்னு நெனச்சுக்குங்க. நிக்க முடியல, கிறுகிறுன்னு வருது, முட்டையும் கொறஞ்சு போச்சு. என்ன பண்ணுவீங்க?"

ஷெட்டே சிரித்தது. முதலாளிக்கு வயிறு குலுங்கியது. டாக்டரும் சிரித்தார். அப்புறம், எல்லா ஷெட்டிலும் முதலில் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார்.

"தீவனம் என்ன எடுக்கறீங்க?"

"காலைல டீங்க."

"அப்புறம்?"

"பத்து மணிக்கு இன்னொரு டீ."

"மத்தியானம்?"

"சோறும் ரசமும்."

"ராத்திரி?"

"எல்லாரும் தின்னது போக என்ன இருக்குதோ அதுங்க."

டாக்டர் அவருடைய கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது. முதலாளி பக்கம் திரும்பி, "ஏனுங்க, இந்தத் தீவனத்துல உங்க கோழி முட்டை போடுமுங்களா?" என்றார். முதலாளியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

மறுநாள் முதலாளி கார் எடுத்துக்கொண்டு வந்தார். அக்காவை ஏற்றி, என்னையும் துணைக்கு அனுப்பினார். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்து, ரொம்பக் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். நர்சம்மா படித்துப் படித்துச் சொன்னார், "டீயோட போடக் கூடாது." அக்காவுக்கு வந்த வியாதியை விட அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது!

பத்து மணிக்கு எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு அவித்த முட்டை என்று முதலாளி உத்தரவு போட்டார். கண்ணெதிரே மலைமலையாக முட்டை குவிந்த இடத்தில், அதுவரை ஒருத்தரும் ஒரு முட்டை தின்றதில்லை. யோசித்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது.

ஆனால் அக்கா தன் முட்டையை முந்தானையில் முடிந்துகொண்டார். "புள்ளைக்கு சாமி."

எனக்கு வந்ததே கோபம்! "நீங்க திங்கற வரைக்கும் நான் இங்கிருந்து நகர மாட்டேன்" என்று எதிரில் நின்றுவிட்டேன். திட்டிக்கொண்டே தின்றார். அதன்பிறகு தினமும் பத்து மணிக்கு என் முதல் வேலை அதுதான். நாளாக நாளாக முகத்தில் ரத்தம் ஏறியது, வாயும் பழையபடி நீண்டது. டிரே விழவில்லை, வேலை போகவில்லை. பிள்ளை படிப்பை முடித்தாள்.

இப்போது நான் சேலத்தில் இருக்கிறேன். ஃப்ரிட்ஜ் மேல் கால்சியம், டி3, பி12, மீன் எண்ணெய், முடிக்கு ஒன்று, மூட்டுக்கு ஒன்று... பாதி டாக்டர் எழுதியது, மீதி வாட்ஸ்அப்பில் தோழிகள் எழுதியது. காலையில் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, டிபன் சாப்பிட நேரமில்லாமல் ஓடுகிறேன். தீவனம் என்ன எடுக்கிறீர்கள் என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.

போன மாதம் பாவாயி அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மகளுக்கு வேலை கிடைத்து, புது வீடு கட்டியிருக்கிறார்கள். அக்கா சுட்ட தோசையைத் தின்றுகொண்டே என் மாத்திரைகளை எல்லாம் பெருமையாக வரிசையாகச் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாஞ் செரி சாமி... நீ திங்கறயான்னு பாக்க, உனக்கு எதிர்ல யாரு நிக்கறாங்க?"

அக்கா என் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டுவிட்டு, நான் தின்று முடிக்கும் வரை அங்கேயே நின்றார்.